வலப்பக்கம் ஒடித்தால் வரும் சத்தம்

கொஞ்சம் நகந்துக்கிடுதியளாம்மா? அந்த ஓரமே போதும். பொம்பளைய பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு கண்டக்டர் சொன்னாம்னா எந்திரிச்சிருதேன். முழங்கால் வலி, நின்னுக்கிட்டு வர முடியல. நீங்க கோயில்பட்டியா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். புள்ள தூங்கட்டும், தூங்கட்டும். பொம்பளப் புள்ளயா? நல்லது, நல்லது.

இந்தா, கேட்டியளா? டக், டக், டக்... ஓ, ஜன்னல் ஷட்டரா? சரி சரி. நான் வேற என்னமோன்னு நெனச்சிட்டேன். வண்டி திரும்பும்போது அப்படி ஒரு சத்தம் கேட்டா எனக்கு ஒடம்பு ஒரு மாதிரி ஆயிருது. தப்பா நெனச்சுக்கிடாதிய. பித்துப் பிடிச்ச மனுசன்னு நெனச்சிருவிய. அதுலாம் இல்ல. என் பேரு ஆவுடையப்பன், அம்பாசமுத்திரத்துல உரக்கடை. சுத்துப்பட்டுல யாருகிட்டயும் கேளுங்க, தெரியும்.

கார் ஒண்ணு வச்சிருக்கேன். சின்ன வண்டிதான், வெள்ளை. மகளுக்காவ வாங்குனது. அவ பாளையங்கோட்டையில காலேஜ் படிச்சா. பஸ்ஸுல இடிபட்டுப் போகாண்டாம்னு நானே கொண்டு விடுவேன், நானே போய்க் கூட்டிட்டு வருவேன். கடைய மூடிப் போட்டுட்டுப் போவேன் தாயி. எங்க தெருவுல எந்தத் தகப்பன் அப்படிச் செஞ்சான்?

முன்னால இடது பக்கத்துச் சீட்டுதான் அவ சீட்டு. மடியில புஸ்தகத்த வச்சுக்கிட்டு, கையில பேனாவ அமுக்கி அமுக்கி விடுவா. டக் டக். டக் டக். படிக்கும்போது அது ஒரு பழக்கம். 'ஏட்டி, அத நிறுத்துதியா? நான் ரோட்டப் பாக்கவா, ஒஞ் சத்தத்தக் கேக்கவா?'ம்பேன். கொஞ்ச நேரம் நிறுத்துவா. பொறவும் டக் டக். நித்தியகல்யாணின்னு பேரு. கடையத்து அம்மன் பேரு. நித்தி நித்தின்னு கூப்பிடுவோம்.

செத்துப் போனா.

ஐயோ, உச்சுக் கொட்டாதிய. ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கா. எங்களுக்குச் செத்துப் போனா, அதச் சொன்னேன். வேலைக்குன்னு போன எடத்துல ஒருத்தனக் கட்டிக்கிட்டா. எங்க ஆளு இல்ல. அவன் பேரு எதுக்கு, விடுங்க. என் தங்கச்சி மகன் கொம்பையா இருக்கான். அவனுக்குன்னு சின்ன வயசுலயே பேசி வச்ச புள்ள. அவன் மொகத்துல நான் எப்படி முழிக்க? தங்கச்சி எங்க வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்திட்டுப் போனா. கடைக்கு வாறவன் யூரியா கேக்க மாட்டான், என் மொகத்தையே பாத்துக்கிட்டு நிப்பான்.

அதான் போஸ்டர் அடிச்சேன்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். நீங்களும் பாத்திருப்பிய, இப்ப நெறயப் பேரு அடிக்கான். அவ காலேஜ் போட்டோ, கீழ பேரு, அதுக்குக் கீழ வருந்தும் குடும்பத்தார்னு எங்க பேரு. பிரஸ்ஸுக்காரன், 'அண்ணாச்சி, என்ன தேதி போட?'ன்னு கேட்டான். அவ வீட்ட விட்டுப் போன தேதியப் போடுன்னேன். பஸ் ஸ்டாண்டுல, ஆத்துப் பாலத்துல, கடை ஷட்டருல எல்லாம் ஒட்டியாச்சு.

அதுல ஒரு கூத்து. விஷயம் தெரியாத வெளியூர்க்காரங்க சில பேரு, நெசமாவே செத்துப் போனான்னு துட்டி கேக்க வந்துட்டாக. சின்ன வகுப்புல அவளுக்குப் பாடம் எடுத்த டீச்சர் ஒருத்தவுக, கல்லிடைக்குறிச்சில இருந்து வந்தாக. வாசப்படியிலயே உக்காந்து அழுதாக. 'என்ன சீக்குண்ணே? இந்த வயசுல என்ன சீக்கு?'ன்னு கேக்காக. நான் என்ன சொல்ல? காய்ச்சல்னு சொன்னேன். வாயில வந்திருச்சு. அவுக என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதப்ப எனக்கும் அழுக வந்திருச்சு தாயி. நெசமான அழுக. என் வீட்டுக்காரி செண்பகம் அடுப்படி நெலையில நின்னு எங்களப் பாத்துக்கிட்டே இருந்தா. அவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பெத்தவளுக்கு மனசு எப்படித்தான் அப்படிக் கல்லாப் போகுமோ.

அன்னையில இருந்து வீடு துட்டி வீடாவே ஆயிப்போச்சு. அவ ரூமுல லைட்டுப் போட மாட்டோம். அவ சீப்புல முடி அப்படியே இருக்கு. மத்தியானம் சாப்பிட்டுட்டு லேசாக் கண்ணசந்தா, அந்த ரூமுல பேனா அமுக்குத சத்தம் கேக்கும். எந்திரிச்சுப் போய்ப் பாப்பேன். செவுத்துல பல்லி. திரும்பி வந்து படுப்பேன். பொறவும் கேக்கும். இவளாவே எங்களுக்குச் செத்துட்டு, இவளாவே வந்து சுத்துதாளேன்னு நெனப்பேன்.

அப்பதான் கார்ல அந்தச் சத்தம் வர ஆரம்பிச்சுது.

நேராப் போனா ஒண்ணும் கெடையாது. இடது பக்கம் திருப்புனா கெடையாது. வலது பக்கம், ஸ்டேரிங்க முழுசா ஒடிச்சு, ஆக்சிலேட்டர லேசா மிதிச்சா டக், டக், டக், டக். வண்டி மெதுவாத் திரும்புனா மெதுவா வரும், வேகமாத் திரும்புனா வேகமா வரும். எங்க இருந்துங்கிய? இடது பக்கத்துல இருந்து. அவ உக்காருத சீட்டுக்குக் கீழ இருந்து.

முதல் தடவ கேட்டப்ப என் வாய் தன்னால 'ஏட்டி, நிறுத்து'ன்னுட்டு. திரும்பிப் பாக்கேன், வெறுஞ் சீட்டு. சீட்டு பெல்ட்டு மட்டும் ஆடுது. பட்டப்பகல். சட்ட பூரா நனஞ்சு போச்சு எனக்கு.

அம்பையில ஒருத்தன்கிட்டக் காட்டுனேன். டயர் இடுக்குல கல்லு மாட்டியிருக்கும்னு ஸ்க்ரூ டிரைவர வச்சு நோண்டி நோண்டி எடுத்தான். வீல் கப்பக் கழத்தி டிக்கிக்குள்ள போட்டான். சத்தம் போகல. இன்னொருத்தன் பேரிங்னான். அதையும் மாத்தியாச்சு. இவனுவ ஓட்டிப் பாக்கும்போது ஒரு சத்தமும் வராது. மெயின் ரோட்டுல ஓட்டுவான், வளைவுல லேசாத் திருப்புவான், 'எங்க அண்ணாச்சி சத்தம்? உங்க காதுலதான் கோளாறு'ன்னு சிரிப்பான். நான் தனியா ஓட்டிட்டுப் போனா வரும். எலுமிச்சம்பழத்த நாலு சக்கரத்துக்குக் கீழயும் வச்சு ஏத்துனேன். கோயில்ல மந்திரிச்ச கயறு வாங்கி ஸ்டேரிங்குல கட்டுனேன். கயறு இருக்கு, சத்தமும் இருக்கு.

செண்பகத்தக் கூப்பிட்டேன், 'ஒரு தடவ ஏறி உக்காந்து கேளு, எனக்கு மட்டும்தான் கேக்கான்னு தெரியணும்'னு. 'அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்'னுட்டா. அவ்வளவுதான், வேற பேச்சு இல்ல. ஏன்னு நானும் கேக்கல. அவளுக்குக் கார் ஒத்துக்கிடாது, வாந்தி வரும்.

கடைசியா ஆழ்வார்குறிச்சி ரோட்டுல மைதீன் பாய்னு ஒருத்தர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரு, அவருகிட்டப் போனேன். அந்த மனுசன் வண்டியத் தொடவே இல்ல, மொதல்ல கேள்வியாக் கேக்காரு.

'நேராப் போகும்போது உண்டா?'

'இல்ல பாய்.'

'பிரேக் பிடிக்கும்போது?'

'இல்ல.'

'ரைட்டுல முழுசா ஒடிக்கும்போது மட்டுந்தான்?'

'ஆமா.'

'எங்க வச்சு அப்படி ஒடிப்பிய?'

நான் ஸ்டேரிங்குல கட்டுன கயறச் சரி பண்ணுனேன்.

'இல்ல அண்ணாச்சி, உங்க கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல வண்டிய அப்படி வளச்சு ஒடிக்கதுக்கு எடமே இல்லயே. எங்க போறப்பக் கேக்கு?'

'பாவூர்சத்திரத்துல ஒரு தெரு. முட்டுத் தெரு. வண்டியப் பூராத் திருப்பித்தான் வெளிய வரணும்.'

'அங்க என்ன சோலி?'

'காய்கறி மார்க்கெட்டு'ன்னேன்.

'மார்க்கெட்டு மெயின் ரோட்டுல்லா இருக்கு?'ன்னாரு. என் மொகத்தப் பாத்தாரு. 'சரி, ஏறுங்க. எங்க கேக்கோ அங்க வச்சே கேட்டுருவோம். இங்க எனக்கு வட்டம் அடிக்க எடம் இல்ல.'

உங்களுக்கே புரிஞ்சிருக்கும். அந்தத் தெருவுலதான் அவ இருந்தா. எடத்தக் கண்டுபிடிச்சுச் சொன்னது கொம்பையா. நான் ஒண்ணும் தேடிப் போகல தாயி. ஒரு ஞாயித்துக்கெழம லோடு விஷயமா அந்தப் பக்கம் போனேன். வண்டி தன்னால அந்தத் தெருவுக்குள்ள போயிட்டு. தெருக் கடைசில பெரிய தண்ணித் தொட்டி, பக்கத்துல கொஞ்சம் காலி எடம், எதுத்தாப்புல ஒரு மாடி வீடு. மேல கொடியில துணி காயப் போட்டுக்கிட்டு நின்னா. அதே மொகம். நான் பாலத்துல ஒட்டுன மொகம். மழையில நனஞ்சு, ஒரு கன்னம் கிழிஞ்சு தொங்க, தெனமும் கடைக்குப் போகும்போது பாத்த மொகம். அது கிழியாம முழுசா நின்னு துணி காயப் போடுது. ஸ்டேரிங்க ஒடிச்சுத் திருப்பிட்டு வந்துட்டேன்.

பொறவு ஞாயித்துக்கெழம தோறும் போவேன். எறங்க மாட்டேன். எறங்கி என்ன செய்ய? எறங்குனா பேசணும். கண்ணாடியக் கூட எறக்க மாட்டேன். கறுப்புப் பேப்பர் ஒட்டுன கண்ணாடி, உள்ள இருக்க ஆளு வெளிய தெரியாது. தண்ணித் தொட்டி கிட்ட மெதுவா ஒரு சுத்து, சில நாளு ரெண்டு சுத்து. பாத்துட்டு வந்துருவேன். அப்பதான் அந்தச் சத்தம். அவளப் பாத்துக்கிட்டே திருப்புதேன், பக்கத்துச் சீட்டுல டக் டக்னு பேனா அமுக்குதா. ஒருத்தி மாடியில நிக்கா, ஒருத்தி எங்கூட உக்காந்திருக்கா. இத யாருகிட்டச் சொல்ல?

போகப் போக அவ கண்ணுல படுததே இல்ல. துணி கெடக்கும், ஆளு இருக்காது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். சித்திர மாசப் புழுக்கத்துல சாத்திக் கெடக்கும். காத்து வேண்டாமா இதுகளுக்குன்னு நெனப்பேன். ஒரு நாளு பாக்கேன், கொடியில சின்னச் சின்னத் துணி. வெள்ளை வெள்ளையா, கைக்குட்ட மாதிரி. ஒரு தூளிச் சேல. அன்னைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாச் சுத்திட்டேன். அடுத்த வீட்டுக்காரன் ஒருத்தன் வெளிய வந்து நம்பர் பிளேட்ட உத்துப் பாத்தான். அவனுக்கு என்ன வந்துச்சு? ஒரு ஹாரன் அடிச்சிருப்பனா நான்? யாருக்கு என்ன தொந்தரவு?

சரி, பாய் கதைக்கு வாறேன். தண்ணித் தொட்டி கிட்ட அவரு எறங்கி நின்னுக்கிட்டு, 'ரைட்டுல முழுசா ஒடிச்சு அப்படியே வட்டமா ஓட்டுங்க'ன்னாரு. ஓட்டுனேன். டக் டக் டக் டக். கையத் தூக்கி, 'இன்னும், இன்னும், நிறுத்தாதிய'ங்காரு. சக்கரத்துக்குப் பக்கத்துலயே குனிஞ்சு நடந்து வாறாரு. வெளிய நின்ன மனுசனுக்கும் கேட்டுச்சு தாயி! அதுல எனக்கு எம்புட்டு நிம்மதிங்கிய. பொறவு நிறுத்தச் சொல்லிட்டு மண்ணுல படுத்து, இடது பக்கச் சக்கரத்துக்குப் பின்னால கைய விட்டாரு. வெளிய எடுத்தா முழங்கை வரைக்கும் கறுப்பா கிரீஸ்.

'பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல'ன்னு சிரிச்சாரு. 'ஆக்சில் ஜாயிண்டு. அதுக்கு மேல ஒரு ரப்பர் உறை இருக்கும். உறை கிழிஞ்சு உள்ள இருந்த கிரீஸ் பூரா வெளிய தெறிச்சிட்டு. மண்ணு உள்ள போயி, உள்ள இருக்க குண்டு எல்லாம் தேஞ்சு போச்சு. திரும்பும்போது அதுதான் தட்டுது. இப்படியே விட்டா ஒரு நாள் நடு ரோட்டுல சக்கரம் இழுக்காம நின்னுரும்.'

நானும் சிரிச்சேன். எத்தன நாளைக்குப் பொறவு சிரிச்சேனோ.

அப்ப அவரு, 'ஆனா அண்ணாச்சி, இது பழசாகித் தன்னால கிழிஞ்சது இல்ல. வெட்டுப்பட்ட மாதிரி இருக்கு. ஏதாச்சும் இரும்பு மேல ஏத்தி எறக்குனியளா?'ன்னாரு.

'நான் எங்க ஏத்த?'

'வேற யாரும் ஓட்டுனாகளா?'

கொம்பையாதான் ஓட்டுனான். போஸ்டர் ஒட்டுனதுக்கு அடுத்த வாரம், ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தான். கூட நாலஞ்சு பயலுவ. 'மாமா, கார் சாவியக் குடுங்க. ஒரு எட்டுப் போயிட்டு வந்துருதோம்'னான். எங்கன்னு நான் கேக்கல. எதுக்குக் கேக்கணும்? தங்கச்சி மகன், சாவி கேட்டான், குடுத்தேன். மறுநாள் வண்டியக் கொண்டாந்து விட்டுட்டு, 'சும்மா ரெண்டு சத்தம் போட்டுட்டு வந்தோம் மாமா'ன்னான். வண்டியக் கழுவித் தொடச்சுத்தான் விட்டிருந்தான். பொறுப்பான பய.

பாய்க்கு நான் இதெல்லாம் சொல்லல. 'தெரியல'ன்னேன். அவரு கையக் கழுவத் தண்ணி கேட்டு அந்த மாடிப்படியில ஏறுனாரு. அந்தத் தெருவுல வேற வீடா இல்ல? அங்கதான் போகணுமா? நான் வேண்டாம்னு சொல்லதுக்குள்ள கதவத் தட்டிட்டாரு. கதவு ஒரு சாண் தொறந்துச்சு, சங்கிலி போட்டபடியே. என்னமோ பேசுதாரு. கதவு சாத்துது. பொறவு தொறக்கு. நான் கார்ல உக்காந்து மேலயே பாத்துக்கிட்டு இருக்கேன். எம்புட்டு நேரம் பேசுனாருன்னு தெரியல, கீழ வந்தப்ப கையில கிரீஸ் அப்படியே இருக்கு. கழுவல.

ஏறி உக்காந்தாரு. அந்த இடது பக்கத்துச் சீட்டுல. கதவச் சாத்தாம, 'அது உங்க மகளா?'ன்னாரு.

'எனக்கு மக இல்ல'ன்னேன்.

'அந்தப் புள்ள என்கிட்ட என்ன கேட்டுச்சு தெரியுமா? கீழ வண்டியில இருக்கவுக எங்களக் கொல்லவா வந்திருக்காகன்னு கேட்டுச்சு.'

அவரு சொன்னத அப்படியே சொல்லுதேன் கேளுங்க. ஞாயித்துக்கெழம இந்தச் சத்தம் தெரு முனையில கேட்டா, கைக்கொழந்தையத் தூக்கிக்கிட்டு குளிக்கிற ரூமுக்குள்ள போயித் தாப்பா போட்டு உக்காந்துக்கிடுவாளாம். புள்ள அழுதா வாயப் பொத்துவாளாம். வண்டிக்குள்ள யாருன்னு தெரியாதாம், எந்த வண்டின்னு மட்டும் தெரியுமாம். அன்னைக்குக் கொம்பையா போனானே, அவ கட்டிக்கிட்டவன அடிச்சுப் போட்டுட்டு, வாசல்ல நின்ன அவன் பைக்கத் தள்ளி விட்டு, அது மேல காரை ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கி வெளயாண்டிருக்கானுவ. அந்தப் பைக்கு இரும்புதான் உறையக் கிழிச்சிருக்கும்னாரு பாய். அவனுக்கு வலது கை இன்னும் நிமிரலயாம்.

'உங்க அப்பாதான்மா, தனியாத்தான் வந்திருக்காகன்னு நான் சொன்னேன் அண்ணாச்சி. சொன்னாப் பயம் தெளியும்னு நெனச்சேன். அப்பாவான்னு கேட்டுட்டுக் கதவ இறுக்கிச் சாத்திட்டு'ன்னாரு.

நீங்களே சொல்லுங்க, இது ஞாயமா? நான் என்ன பேயா? உசுரோட இருக்க அப்பனப் பாத்து, பேயப் பாத்த மாதிரி ஒருத்தி பயந்தா அந்த அப்பனுக்கு எப்படி இருக்கும்? கொம்பையா செஞ்சதுக்கு நான் என்ன செய்வேன்? நான் சாவி குடுத்தேன். சாவிதான் குடுத்தேன்.

அன்னைக்குத்தான் முதல் தடவையா எறங்குனேன். படிக்குக் கீழ நின்னு, 'நித்தி'ன்னு கூப்பிட்டேன். சத்தமாக்கூடக் கூப்பிடல. மேல தாப்பா போடுத சத்தம் கேட்டுச்சு. ஒண்ணு. பொறவு அதுக்கு மேல இன்னொண்ணு. பொறவு ஏதோ கனமா இழுத்துக் கதவுல முட்டுக் குடுக்கது கேட்டுச்சு, கட்டிலோ பீரோவோ. பெத்த அப்பனுக்கு! காலேஜுக்கு முன்னால வெயிலு பாராமக் காத்துக் கெடந்தவனுக்கு!

பாய் வண்டிய நேரா அவரு பட்டறைக்கு விடச் சொன்னாரு. ஜாயிண்டப் புதுசா மாத்திக் குடுத்தாரு. வண்டி இப்ப வெண்ண மாதிரி திரும்புது. சாவியக் கையில தரும்போது, 'சத்தம் இனி வராது அண்ணாச்சி. ஆனா அங்க நீங்க போவாதிய. முந்தியாச்சும் சத்தத்தக் கேட்டுத் தப்பிச்சுக்கிட அந்தப் புள்ளைக்கு நேரம் இருந்துச்சு. இனி நீங்க வாறதே அதுக்குத் தெரியாது'ன்னாரு. என்ன பேச்சு இது? நல்ல வேலக்காரர்தான், ஆனா நாக்கு சரியில்ல. அதுக்குப் பொறவு நான் அவரு பக்கம் போகல.

அடுத்த ஞாயித்துக்கெழம போனேன். ஏன் போனேங்கிய? இப்பதான் சத்தம் இல்லயே, புள்ள முழிக்காது, யாரும் பயப்பட வேண்டாம்னுதான். தண்ணித் தொட்டி கிட்ட ஒடிச்சேன், ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. மேல பாக்கேன், கதவுல பூட்டு. செவுத்துல 'வீடு வாடகைக்கு'ன்னு அட்டை. கொடிக் கயறு மட்டும் காத்துல ஆடுது. கீழ எறங்கி நின்னேன். அடுத்த வீட்டுக்காரன்கிட்டப் போய், 'மேல இருந்தவுக எங்க?'ன்னு கேட்டேன். என்னையப் பாத்தான், வண்டியப் பாத்தான், கதவச் சாத்திட்டு உள்ள போயிட்டான்.

அதுக்குப் பொறவு, சத்தம் வண்டியில இல்ல தாயி. எனக்குள்ள வந்துட்டு. கடையில எடைக்கல்லு தட்டுனா கேக்கு. செண்பகம் வெங்காயம் அரிஞ்சா கேக்கு. வெறுமனே உக்காந்திருக்கும்போதும் கேக்கு. அதுக்கு எந்த மெக்கானிக்க நான் பாக்க?

செண்பகம் இருக்காளே, அவளுக்குப் புதுசா ஒரு கோயில் பைத்தியம். வெள்ளிக்கெழம தோறும் கோயில்பட்டி அம்மன் கோயிலுக்குப் போகணும்ங்கா. தன் பேருள்ள அம்மனாம். நம்மூருல இல்லாத கோயிலா? போகும்போது தூக்குவாளியில என்னமோ மூடி எடுத்துட்டுப் போவா. கேட்டா நேர்ச்சைம்பா. போன வெள்ளிக்கெழம அவளுக்கு அடுத்த பஸ்ஸுல நானும் ஏறி வந்துட்டேன். அவ கோயில் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. ஒரு சந்துக்குள்ள போயி, ஒரு வீட்டுக் கதவத் தட்டி, 'நான்தாம்ளா'ன்னா. ஒடனே தொறந்துச்சு. உள்ள சிரிப்புச் சத்தம். புள்ள சத்தமும் கேட்டுச்சு. நான் எதுத்தாப்புல டீக்கடைக்குப் பின்னால நின்னுக்கிட்டே இருந்தேன். எங்கூட ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லலயே அவ.

இன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல், படுத்திருக்கா. அதான் நான் கெளம்பிட்டேன். அவளுக்குத் தெரியாது.

உங்களப் பாத்ததுல இருந்து ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். கோயில்பட்டியில எறங்குனதும் ஒரு எட்டு எங்கூட வருவியளா? பஸ் ஸ்டாண்டுல இருந்து தூரம் இல்ல. நான் தட்டுனா நித்தி தொறக்க மாட்டா. பொம்பளக் கொரலு கேட்டாத் தொறப்பா. நீங்க தட்டி, 'நான்தாம்ளா'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கையில வேற புள்ள இருக்கு, உங்களப் பாத்தா யாருக்கும் சந்தேகம் வராது. நான் பக்கத்துல செவுத்தோரமா நின்னுக்கிடுதேன். அவ தொறந்ததும் நீங்க போயிரலாம். பேரப் புள்ளைய ஒரு தடவ பாக்கணும், அம்புட்டுத்தான். பாருங்க, பையி கூடக் கொண்டு வரல. கையில என்னமும் இருக்கோன்னு பயந்துருவாளேன்னு வெறுங்கையாத்தான் வாறேன். இந்தா, ரெண்டு கையும் பாத்துக்கிடுங்க.

ஏம்மா... எதுக்கு எந்திரிக்கிய? புள்ளைய எதுக்கு அப்படி இறுக்குதிய, முழிச்சிரும்லா? கண்டக்டர எதுக்குக் கூப்பிடுதிய? இது கயத்தாறும்மா. கோயில்பட்டி இன்னும் வரல.